பாட்டரி பறக்குமா? மாதிரி விமானத்துக்கு மின்சாரம் வந்த வரலாறு

சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் கல்லூரி அறிவியல் கண்காட்சிக்காக, இயற்பியல் இரண்டாம் ஆண்டு மாணவர்கள் மூவர் வானொலி அலைகளால் இயக்கப்படும் ஒரு மாதிரி விமானத்தைச் செய்தனர். உடல் தெர்மாக்கோலால் ஆனது. மோட்டார், பாட்டரி, வேகக் கட்டுப்படுத்தி ஆகியவற்றைக் கைச்செலவுப் பணத்தில் மிச்சம் பிடித்து வாங்கியிருந்தார்கள். விமானத்தின் மொத்த எடை சுமார் ஒரு கிலோகிராம். முதல் நாள் ஒத்திகையில் அது அழகாகப் பறந்தது. ஆனால் தரையிறங்கும்போது, மூக்கில் பொருத்தியிருந்த 10 அங்குல உந்துவிசிறி முறிந்துவிட்டது.

மறுநாள் கடையில் அதே அளவு விசிறி கிடைக்கவில்லை. அதே வடிவில் 12 அங்குல விசிறிதான் இருந்தது. "பெரிய விசிறி என்றால் இன்னும் நன்றாக இழுக்கும் அல்லவா, சார்?" என்று மாணவர்கள் கேட்டார்கள். நானும் "ஆமாம்" என்று தலையசைத்தேன். விமானம் எழும்பி அரை நிமிடம் கூட ஆகியிராது. கட்டுப்படுத்தியிலிருந்து புகை கிளம்பியது, மோட்டார் நின்றது, விமானம் மைதானத்தின் ஓரத்தில் விழுந்து நொறுங்கியது. யாருக்கும் காயமில்லை. ஆனால் மாணவர்களின் பல மாதச் சேமிப்பு போயிற்று. அவர்களைவிட எனக்குத்தான் வெட்கம் அதிகம். அவர்களுக்கு மின்னியல் பாடம் நடத்துபவன் நான்தானே!

எந்தப் பொருளில் குறை? யோசித்துப் பார்த்தால் எதிலும் குறையில்லை. மோட்டார் நல்லது, பாட்டரி நல்லது, கட்டுப்படுத்தியும் நல்லதே. அவை ஒன்றோடொன்று பொருந்தவில்லை, அவ்வளவுதான். இந்தப் பொருத்தத்தைக் கண்டுபிடிக்க மனிதன் எத்தனை ஆண்டுகள் பாடுபட்டான் என்று தேடியபோது, மின்சாரத்தால் பறக்கும் முயற்சியின் சுவையான வரலாறு கிடைத்தது. அதை வாசகர்களுடன் பகிர்ந்துகொள்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

வானில் ஏறிய முதல் மின்மோட்டார்

மின்சாரத்தால் பறக்கும் எண்ணம் புதிதன்று. ரைட் சகோதரர்கள் 1903-இல் பறப்பதற்கு இருபது ஆண்டுகள் முன்னரே, 1883 அக்டோபர் 8-ஆம் நாள், பிரெஞ்சுக்காரரான காஸ்டன் திசான்தியே தம் ஆகாயக் கப்பலில் மின்மோட்டாரைப் பொருத்திப் பறந்தார். அது சீமன்ஸ் நிறுவனம் செய்த, ஒன்றரைக் குதிரைத்திறன் கொண்ட மோட்டார். காற்று சற்றுப் பலமாக வீசினாலே எதிர்த்துச் செல்ல முடியாத அளவு குறைந்த திறன் அது.

அடுத்த ஆண்டு, 1884 ஆகஸ்டு 9-இல், பிரெஞ்சு இராணுவத்தைச் சேர்ந்த சார்ல் ரெனார், ஆர்தர் கிரெப்ஸ் என்னும் இருவர் 'லா பிரான்ஸ்' என்ற ஆகாயக் கப்பலில் 23 நிமிடங்களில் சுமார் 8 கிலோமீட்டர் பறந்து, புறப்பட்ட இடத்துக்கே திரும்பி வந்தனர். காற்றின் போக்கில் போகாமல் தன் விருப்பப்படி சென்று திரும்பிய முதல் ஆகாயக் கப்பல் அதுவே. அதன் நீளம் 52 மீட்டர். மோட்டாரின் திறன் சுமார் எட்டரைக் குதிரைத்திறன். பாட்டரியின் எடையோ 435 கிலோகிராம்!

இங்கே ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்ப்போம். எட்டரைக் குதிரைத்திறன் என்பது ஏறத்தாழ 6,300 வாட். மோட்டார் 23 நிமிடமும் முழுத் திறனோடு ஓடியதாகவே வைத்துக்கொண்டாலும் செலவான ஆற்றல் சுமார் 2,400 வாட்-மணி. இன்றைய லித்தியம் பாட்டரியில் கிலோவுக்கு 150 வாட்-மணி ஆற்றலை அடைக்கலாம். ஆகவே அதே பயணத்துக்கு இன்று 16 கிலோ பாட்டரி போதும்.

ஆகாயக் கப்பலைத் தூக்கிப் பிடித்தது அதிலிருந்த ஹைட்ரஜன் வாயு. ஆகவே 435 கிலோ பாட்டரியை அதனால் சுமக்க முடிந்தது. இறக்கையை நம்பிப் பறக்கும் விமானத்துக்கு அந்த வசதி கிடையாது. அதன் எடை முழுவதையும் தூக்கி நிறுத்துவதற்கான திறன் அதன் மோட்டாரிலிருந்தே வர வேண்டும். பாட்டரி கனத்தால் மோட்டார் பெரிதாக வேண்டும். மோட்டார் பெரிதானால் பாட்டரி இன்னும் கனக்க வேண்டும். இந்தச் சுழலிலிருந்து வெளிவர விமானத்துக்கு வெகுகாலம் பிடித்தது. பெட்ரோல் எஞ்சின் அதற்குள் வானத்தைத் தன்வசப்படுத்திக்கொண்டது.

ஒரு கர்னலின் வெற்றி

மாதிரி விமானங்களிலும் இதே நிலைதான். 1950-களில் அவற்றை இயக்கியவை சின்னஞ்சிறு டீசல் எஞ்சின்களும், ஆல்கஹால் கலந்த எரிபொருளால் ஓடும் எஞ்சின்களுமே. காது செவிடாகும் சத்தமும், கையெல்லாம் எண்ணெய்ப் பிசுக்கும் அவற்றின் அடையாளங்கள். ஆயினும் அவற்றை அசைக்க முடியவில்லை. காரணம் எளியது. ஒரு கிலோ பெட்ரோலில் ஏறத்தாழ 12,000 வாட்-மணி வெப்ப ஆற்றல் உள்ளது. அக்காலக் காரீயப் பாட்டரியிலோ கிலோவுக்கு 30 வாட்-மணி அளவுதான். எஞ்சின் பெரும்பகுதியை வீணடித்தாலும் மிச்சமிருப்பது பாட்டரியைவிடப் பல மடங்கு.

இந்நிலையில், 1957 ஜூன் 30-ஆம் நாள் இங்கிலாந்தில் கர்னல் டாப்ளின் என்பவர் 'ரேடியோ குவீன்' என்னும் மாதிரி விமானத்தை மின்மோட்டாரால் பறக்கவிட்டார். வானொலி அலைகளால் இயக்கப்பட்ட மின்விமானங்களில் அதிகாரபூர்வமாகப் பதிவான முதல் பறப்பு இதுவே. அவர் பயன்படுத்தியது நிலைக்காந்த மோட்டார். பாட்டரி வெள்ளி–துத்தநாக வகை.

ஏன் வெள்ளி? இங்கே இரண்டு சொற்களைப் பிரித்துப் பார்க்க வேண்டும்: ஆற்றல், திறன். குடத்தில் எவ்வளவு தண்ணீர் இருக்கிறது என்பது ஒன்று. அதன் வாய் எவ்வளவு அகலம் என்பது வேறு. வாய் குறுகிய கூஜாவில் எவ்வளவு தண்ணீர் இருந்தாலும், தீயை அணைக்க அவசரமாக ஊற்ற முடியாது. பாட்டரியின் 'வாய்' அதன் உள்மின்தடையைப் பொறுத்தது. உள்மின்தடை அதிகமானால் பெரிய மின்னோட்டத்தை எடுக்கும்போது மின்னழுத்தம் சரிந்துவிடும், பாட்டரியும் சூடேறும். வெள்ளி–துத்தநாகப் பாட்டரியின் குடமும் பெரியது, வாயும் அகலம். ஆனால் விலை மிக அதிகம். சில தடவைகளே மின்னேற்ற முடியும். எனவே டாப்ளின் காட்டிய வழியில் பிறர் செல்ல முடியவில்லை. அவரும் அம்முயற்சியைத் தொடரவில்லை.

மோட்டாருக்கேற்ற விமானம்

அதே 1957-இல், அக்டோபர் மாதத்தில், ஜெர்மனியில் பிரெட் மிலிட்கி என்ற பொறியாளர் ஒரு சிறிய மின்விமானத்தைப் பறக்கவிட்டார். அதில் வானொலிக் கருவி இல்லை. தானாகவே பறக்கும் மாதிரி. மிலிட்கி, எஞ்சினுக்காக வரையப்பட்ட விமானத்தில் மோட்டாரைத் திணிக்கவில்லை. தம் கையிலிருந்த மோட்டார் எவ்வளவு திறன் தரும் என்று பார்த்து, அதற்கு எட்டும் அளவில் மிக இலேசான, மெல்லப் பறக்கும் விமானத்தை வடிவமைத்தார். வேகமாகச் சுழலும் சிறு மோட்டாரின் சுற்றைப் பல்சக்கரங்களால் குறைத்து, பெரிய விசிறியை மெதுவாகச் சுழற்றினார்.

இதில் ஓர் இயற்பியல் உண்மை உள்ளது. சிறிதளவு காற்றை அதிவேகத்தில் தள்ளுவதைவிட, மிகுதியான காற்றை மெல்லத் தள்ளினால் அதே உந்துவிசையைக் குறைந்த திறனில் பெறலாம். உந்தம் வேகத்துக்கு நேர்விகிதத்தில் உயர்கிறது. இயக்க ஆற்றலோ வேகத்தின் இருபடிக்கு நேர்விகிதத்தில் உயர்கிறது என்பது நாம் பள்ளியில் படித்ததுதானே?

1960-ஐ ஒட்டி, கிரவுப்னர் நிறுவனம் மிலிட்கியின் 'சைலன்டியஸ்' என்ற மின்விமானத்தைப் பெட்டியில் அடைத்து விற்பனைக்குக் கொண்டுவந்தது. மிலிட்கி அத்துடன் நிற்கவில்லை. 1973 அக்டோபர் 21-இல் ஆஸ்திரியாவில், எஞ்சின் பொருத்திய ஒரு கிளைடர் விமானத்தை அவர் மின்மோட்டாருக்கு மாற்ற, ஹைனோ பிரிட்ஷ்கா அதை ஓட்டினார். பறந்தது பதினைந்து நிமிடத்துக்கும் குறைவு. ஆனால் மின்மோட்டார் விமானத்தில் மனிதன் பறந்த முதல் நிகழ்ச்சி அதுவே. பொம்மை விமானத்தில் கற்ற பாடம் மனிதனைத் தூக்கியது!

அந்த விமானத்தில் இருந்தவை நிக்கல்–காட்மியம் பாட்டரிகள். ஸ்வீடனின் வால்டெமர் யுங்னர் 1899-இலேயே கண்டுபிடித்தவை. ஒரு கலத்துக்கு 1.2 வோல்ட். ஆற்றலில் வெள்ளிப் பாட்டரிக்கு ஈடில்லை. ஆனால் உள்மின்தடை குறைவு, நூற்றுக்கணக்கான முறை மின்னேற்றலாம், விலையும் எட்டும் தூரத்தில் இருந்தது. மாதிரி விமானக்காரர்கள் அதையே பற்றிக்கொண்டனர். ஐந்தாறு நிமிடப் பறப்பு கிடைத்தால் போதும் என்று நிறைவடைந்த காலம் அது.

பாட்டரியே இல்லாமல்

பாட்டரிதானே பாரம்? அதையே நீக்கிவிட்டால்? அமெரிக்காவில் ஆஸ்ட்ரோ பிளைட் நிறுவனத்தின் பூஷே சகோதரர்கள் இப்படித்தான் எண்ணினர். 1974 நவம்பர் 4-ஆம் நாள் கலிபோர்னியாவில் அவர்களுடைய 'சன்ரைஸ்' என்ற ஆளில்லா விமானம் சூரிய ஒளியை மட்டும் கொண்டு பறந்தது. இறக்கையின் அகலம் ஏறத்தாழ 10 மீட்டர். எடை சுமார் 12 கிலோ. இறக்கையின்மேல் 4,096 சூரியக் கலங்கள் இருந்தன. அவை தந்த திறன் 450 வாட் மட்டுமே. கிலோவுக்கு 40 வாட் கூட வரவில்லை என்பதைக் கவனியுங்கள். பெரிய இறக்கையும் குறைந்த வேகமும் இருந்ததால் அதுவே போதுமானதாயிற்று.

1980-இல் பால் மக்கிரெடி என்ற அமெரிக்கப் பொறியாளர் 'கோசமர் பென்குயின்' என்னும் சூரியஒளி விமானத்தைச் செய்தபோது, அதற்கு மோட்டார் தேடி எங்கோ போகவில்லை. மாதிரி விமானங்களுக்காக ஆஸ்ட்ரோ பிளைட் செய்துவந்த மோட்டாரையே பொருத்தினார். அந்த விமானத்தின் சூரியக் கலங்கள் தந்தது 541 வாட். ஓட்டுநர் இலேசாக இருக்க வேண்டுமல்லவா? முதல் சோதனைப் பறப்புகளில் ஓட்டியவர் மக்கிரெடியின் 13 வயது மகன்! அடுத்த ஆண்டு, 1981 ஜூலை 7-இல், மக்கிரெடியின் 'சோலார் சேலஞ்சர்' பிரான்சிலிருந்து ஆங்கிலக் கால்வாயைக் கடந்து 262 கிலோமீட்டர் பறந்து இங்கிலாந்தை அடைந்தது.

காந்தமும் தூரிகையும்

பாட்டரி முன்னேறக் காத்திருந்த காலத்தில் மோட்டார் முன்னேறியது. மோட்டாரின் திறன் அதன் காந்தத்தைப் பொறுத்தது. பழைய இரும்புக் கலவைக் காந்தங்களும் பெர்ரைட் காந்தங்களும் எடைக்கேற்ற வலிமை இல்லாதவை. 1960-களின் நடுவில் அமெரிக்காவில் கார்ல் ஸ்டிர்னாட் முதலியோரின் ஆய்வால் சமாரியம்–கோபால்ட் காந்தம் வந்தது. 1980-களின் தொடக்கத்தில் ஜப்பானின் மசாட்டோ சகாவாவும் அமெரிக்காவின் ஜான் குரோட்டும் தனித்தனியே ஆராய்ந்து நியோடிமியம்–இரும்பு–போரான் காந்தத்தைக் கண்டனர். விரல் நுனியளவுள்ள துண்டு, இரும்பில் ஒட்டிக்கொண்டால் பிய்த்தெடுக்கக் கை வலிக்கும்.

அடுத்த இடையூறு தூரிகை. சாதாரண நேர்மின் மோட்டாரில், சுழலும் சுருளுக்கு மின்னோட்டத்தைத் தருவதும் உரிய நேரத்தில் திசைமாற்றுவதும் கார்பன் தூரிகைகளின் வேலை. அவை உராய்ந்து தேய்கின்றன, பொறி பறக்கிறது, அப்பொறி வானொலிக் கருவிக்கும் இடையூறு. 1962-இல் வில்சன், டிரிக்கி என்ற இரு அமெரிக்கப் பொறியாளர்கள், தூரிகையின் வேலையைக் குறைகடத்திகளிடம் ஒப்படைக்கும் மோட்டாரை விவரித்தனர். இதில் காந்தம் சுழல்கிறது. சுருள்கள் அசையாமல் நிற்கின்றன. மூன்று தொகுதிச் சுருள்களுக்கு முறை மாற்றி மின்னோட்டம் தருவது மின்னணுக் கட்டுப்படுத்தி. மின்னோட்டம் இல்லாத சுருளில் தூண்டப்படும் மின்னழுத்தத்தைப் பார்த்தே காந்தம் இப்போது எங்கிருக்கிறது என்று அது அறிந்துகொள்கிறது. பெரிய மின்னோட்டத்தைத் தாங்கும் சிறிய டிரான்சிஸ்டர்கள் மலிவான பிறகே, 1990-களில், இவ்வகை மோட்டார் மாதிரி விமானங்களில் இடம்பிடித்தது.

2000-ஐ ஒட்டிய ஆண்டுகளில் ஆர்வலர்கள் ஒரு வேடிக்கை செய்தார்கள். பழுதான கணிப்பொறிகளின் குறுந்தட்டுக் கருவிகளிலிருந்து சிறு மோட்டாரைக் கழற்றி, சுருளைப் புதிதாகச் சுற்றி, வெளிக்கூட்டில் நியோடிமியம் காந்தங்களை ஒட்டினர். வெளிக்கூடே சுழலும் இவ்வகை மோட்டார், பல்சக்கரம் இல்லாமலே பெரிய விசிறியைச் சுழற்றியது. மிலிட்கி பல்சக்கரத்தால் செய்ததை இது நேரடியாகச் செய்தது.

லித்தியம் வந்தது

பாட்டரியின் முறை கடைசியில் வந்தது. 1991-இல் சோனி நிறுவனம் லித்தியம்–அயனி பாட்டரியை விற்பனைக்குக் கொண்டுவந்தது. இதற்கு அடித்தளமிட்ட விட்டிங்ஹாம், குட்இனஃப், யோஷினோ ஆகிய மூவருக்கும் 2019-இல் வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது. ஒரு கலத்துக்கு 3.7 வோல்ட், நிக்கல்–காட்மியத்தைப்போல் மூன்று மடங்கு. எடைக்கு எடை ஆற்றலும் மூன்று மடங்குக்குக் குறையாது. தொடக்கத்தில் இதன் 'வாய்' குறுகலாகவே இருந்தது. 2000-க்குப் பின் வந்த லித்தியம்–பாலிமர் பாட்டரிகள் அக்குறையையும் தீர்த்தன. சில ஆண்டுகளிலேயே சிறு விமானங்களில் எஞ்சின் பின்வாங்கியது.

ஆக, 1884-இல் குறை பாட்டரியில், 1957-இல் விலையில், பிறகு காந்தத்தில், பிறகு தூரிகையில், மீண்டும் பாட்டரியில். சங்கிலியின் எந்தக் கண்ணி மெலிந்ததோ அதுவே பறப்பை நிறுத்தியது. ஒவ்வொரு காலத்திலும் வென்றவர்கள், மெலிந்த கண்ணி எது என்று முதலில் கண்டுகொண்டவர்களே.

இன்று தேர்ந்தெடுப்பது எப்படி?

வரலாறு தரும் வழி இதுதான்: விமானத்திலிருந்து தொடங்கி, பாட்டரியை நோக்கிப் பின்னோக்கி வர வேண்டும். எங்கள் மாணவர்களின் ஒரு கிலோ விமானத்தையே எடுத்துக்கொள்வோம். அதன் எடை 9.8 நியூட்டன். தூக்குவிசை இழுவிசையைப்போல் 7 மடங்கு என்று கொண்டால், இழுவிசை 1.4 நியூட்டன். வினாடிக்கு 12 மீட்டர் வேகத்தில் பறக்க வேண்டிய திறன் 17 வாட். வினாடிக்கு 3 மீட்டர் வீதம் மேலேற இன்னும் 29 வாட். மொத்தம் 46. விசிறியும் மோட்டாரும் சேர்ந்து பாதியை வீணடிக்கும் என்று வைத்தால், பாட்டரி தர வேண்டியது சுமார் 92 வாட். நிதானமான விமானத்துக்குக் கிலோவுக்கு 110 வாட், கரணமடிக்கும் விமானத்துக்கு 220 வாட் என்று ஆர்வலர்கள் அனுபவத்தில் கண்ட விதியும் இதற்கு நெருங்கியே நிற்கிறது. காற்றடித்தால் சமாளிக்கவும் சேர்த்து 150 வாட் என்று கொள்வோம்.

மூன்று லித்தியம் கலங்களின் மின்னழுத்தம், சுமையின்போது சரிவது போக, ஏறத்தாழ 10.5 வோல்ட். 150-ஐ 10.5-ஆல் வகுத்தால் 14 ஆம்பியர். பாட்டரியின் கொள்ளளவு 2.2 ஆம்பியர்-மணி என்றால், ஐந்தில் ஒரு பங்கை மிச்சம் வைத்து முழு வேகத்தில் ஏழரை நிமிடம் பறக்கலாம். மோட்டாரின்மேல் 'வோல்ட்டுக்கு இத்தனை சுற்று' என்று ஓர் எண் குறித்திருப்பார்கள். அது சிறியதானால் பெரிய விசிறி. பெரியதானால் சிறிய விசிறி. கட்டுப்படுத்தி, எதிர்பார்க்கும் மின்னோட்டத்தைவிடக் கணிசமாக அதிகம் தாங்க வேண்டும். எங்களுடையது 20 ஆம்பியர் தாங்கும். 14-க்கு அது போதுமானதே.

இப்போது அந்த 12 அங்குல விசிறிக்கு வருவோம். ஒரே வடிவமுள்ள விசிறிகள் ஒரே சுற்று வேகத்தில் சுழன்றால், தேவைப்படும் திறன் விட்டத்தின் ஐந்தாம் படிக்கு நேர்விகிதத்தில் உயரும். 1.2-இன் ஐந்தாம் படி ஏறத்தாழ 2.5. ஆகவே 14 ஆம்பியர் 35-ஐ நோக்கி ஏறும். சுமையால் சுற்று வேகம் குறைவதால் முழு 35 வராது. ஆனாலும் 20-ஐ எளிதில் தாண்டிவிடும். வெப்பமோ மின்னோட்டத்தின் இருபடிக்கு நேர்விகிதத்தில் உயரும். இரண்டே அங்குலம், கட்டுப்படுத்தி கருகியதில் வியப்பென்ன? நான் தலையசைக்கும் முன் இந்தக் கணக்கைக் கரும்பலகையில் இரண்டு நிமிடம் போட்டிருந்தால் விமானம் பிழைத்திருக்கும்.

ஓர் எச்சரிக்கை: லித்தியம் பாட்டரியைக் கலத்துக்கு 4.2 வோல்ட்டுக்குமேல் மின்னேற்றக் கூடாது. 3 வோல்ட்டுக்குக் கீழே இறங்கவும் விடக் கூடாது. உப்பிய பாட்டரியை மீண்டும் பயன்படுத்தினால் தீப்பிடிக்கலாம். மின்னேறும்போது யாராவது பக்கத்தில் இருப்பது அவசியம்.

2021 ஏப்ரல் 19-ஆம் நாள், செவ்வாய்க் கோளின் மெல்லிய காற்றில் 'இன்ஜெனியூட்டி' என்ற 1.8 கிலோ எடையுள்ள சிறு ஹெலிகாப்டர் 39 வினாடிகள் பறந்தது. அதில் இருந்தவை ஆறு லித்தியம்–அயனிக் கலங்களும் தூரிகையில்லா மோட்டார்களும். அம்மோட்டார்களைச் செய்தது, மக்கிரெடி நிறுவிய ஏரோவைரன்மென்ட் நிறுவனம். அதன் சுழலிகள் மட்டும் 1.2 மீட்டர் விட்டம்! அங்கே காற்றின் அடர்த்தி பூமியில் உள்ளதில் நூற்றில் ஒரு பங்கு அளவே என்பதால் அவ்வளவு பெரிய சுழலி தேவைப்பட்டது. அங்கும் கணக்கு விமானத்தில் தொடங்கி பாட்டரியில்தான் முடிந்தது.

எங்கள் மாணவர்கள் மறுபடியும் பணம் சேர்த்தார்கள். இம்முறை நானும் பங்கு போட்டேன். புதிய விசிறியைப் பொருத்தியதும் முதலில் விமானத்தைத் தரையில் கட்டிவைத்து, மின்னோட்டத்தை அம்மீட்டரில் அளந்தோம். முள் 14-க்கு அருகில் நின்றது. அதன் பிறகுதான் கயிற்றை அவிழ்த்தோம்.